தாயின் ரத்தத்தில் நஞ்சுக்கொடியின் சேதி

ராஜபாளையம் தென்காசி சாலையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கத்திலும் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் கர்ப்பம் பார்க்கும் அட்டை கிடைக்கும். காலைச் சிறுநீரில் சில சொட்டு விட்டால் இரண்டு கோடு விழுகிறது. அந்த இரண்டாவது கோடு விழக் காரணம் கரு அல்ல. நஞ்சுக்கொடியாக வளரப்போகும் செல்கள் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். 1920-களின் பிற்பகுதியில் பெர்லினில் ஆஷ்ஹைமும் சோண்டெக்கும் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு, நாட்கணக்கில் காத்திருந்து கண்டுபிடித்ததை இன்று ஒரு பெண் குளியலறையில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்கிறாள். கர்ப்பத்தின் முதல் செய்தியே நஞ்சுக்கொடியிடமிருந்துதான் வருகிறது.

அதன் பிறகு நஞ்சுக்கொடியைப் பற்றி யாரும் பெரிதாக விசாரிப்பதில்லை. மேலே ஒட்டியிருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் சொல்லும். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்ற கேள்வி, தாய்க்கு பி.பி. ஏறிய பிறகோ, குழந்தை வளரவில்லை என்று தெரிந்த பிறகோதான் எழுகிறது. அதற்கு முன்பே தாயின் ரத்தத்தில் அதைக் கேட்டுவிட முடியும். அப்படிக் கேட்கும் வசதி பெருநகரங்களை விட இந்த இரண்டு ஊர்களைப் போன்ற தாலுகா ஊர்களுக்குத்தான் முதலில் வரவேண்டும் என்பது என் வாதம். கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. முடிவு கையில் வந்ததும் என்ன செய்வது என்று முன்கூட்டியே தீர்மானிக்காத இடத்தில் எந்த ரத்தப் பரிசோதனையும் ஒரு குழந்தையைக்கூடக் காப்பாற்றாது.

நஞ்சுக்கொடியின் வேலையைக் கொஞ்சம் பார்ப்போம். நிறைமாதத்தில் அது ஏறக்குறைய அரைக் கிலோ எடை இருக்கும். நுண்ணிய விரல்களாகக் கிளைத்துக் கிளைத்துத் தாயின் ரத்தத்துக்குள் தொங்கும் அதன் பரப்பை விரித்தால் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் வரும். நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட தாய் ரத்தம் அதன் மீது பாய்கிறது. இவ்வளவு ரத்தம் வர வேண்டுமானால் கருப்பையின் சுருள் தமனிகள் அகலமாக வேண்டும். நஞ்சுக்கொடியின் செல்களே அந்தத் தமனிகளுக்குள் ஊடுருவி, அவற்றின் தசைச் சுவரைத் தளர்த்தி, வாயை அகலப்படுத்துகின்றன. இந்த வேலை முதல் மூன்று மாதத்தில் தொடங்கி, ஏறக்குறைய இருபதாவது வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அது அரைகுறையாக நின்றுபோனால் விளைவு உடனே தெரியாது. ஏழாம் மாதம், எட்டாம் மாதம் தெரியும். தாய்க்கு பி.பி. கூடி, சிறுநீரில் புரதம் போகும். குழந்தை வளர்ச்சி குன்றும். சிலருக்கு இரண்டும் சேர்ந்து வரும். தாய்க்கு வரும் இந்த நோய்தான் பிரீஎக்ளாம்சியா. முற்றினால் வலிப்பு. நம் பாட்டிமார் ஜன்னி என்று சொல்லி நடுங்கியது இதைத்தான்.

நஞ்சுக்கொடி சுரப்பவை எல்லாம் தாயின் ரத்தத்தில் கலப்பதால், அவற்றை அளந்து குழந்தையின் நிலையைக் கணிக்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. 1962-ல் ஜோசிமோவிச்சும் மெக்லாரனும் நஞ்சுக்கொடி லாக்டோஜன் என்ற ஹார்மோனை அடையாளம் கண்டார்கள். நஞ்சுக்கொடி வளர வளர அதுவும் கூடும். முப்பது வாரத்துக்கு மேல் ஒரு மில்லிலிட்டரில் நான்கு மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குழந்தைக்கு ஆபத்து என்று எழுபதுகளில் ஒரு எல்லைக்கோடு போட்டார்கள். இன்னொரு பக்கம் ஈஸ்ட்ரியால். குழந்தையின் அட்ரீனல் சுரப்பி, கல்லீரல், நஞ்சுக்கொடி மூன்றும் சேர்ந்து உருவாக்கும் ஹார்மோன் என்பதால் இரு தரப்பின் நலத்தையும் ஒரே எண்ணில் சொல்லிவிடும் என்று நம்பினார்கள். கர்ப்பிணிகள் இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்த்து ஆய்வகத்துக்குக் கொடுத்த காலம் அது.

இரண்டுமே கைவிடப்பட்டன. அளவுகள் நாளுக்கு நாள் தாறுமாறாக ஏறி இறங்கின. குழந்தை மிகவும் தளர்ந்த பிறகே சில பெண்களுக்கு எண் குறைந்தது. 1976-ல் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. ஆபத்து மிகுந்த கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினரின் ஈஸ்ட்ரோஜன் அளவை மருத்துவர்களுக்குத் தெரிவித்தார்கள். மறுபகுதியினரின் அளவை மறைத்துவைத்தார்கள். இரு தரப்புக் குழந்தைகளின் நிலையிலும் வேறுபாடு தெரியவில்லை. அதற்குள் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. கருவியும், அல்ட்ராசவுண்டும், பின்னர் ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளரும் வந்துவிட்டன. மருத்துவ உலகம் ரத்தத்தை விட்டுப் படத்துக்கு மாறியது. இந்தத் தோல்வியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு பொருள் நோயோடு தொடர்புடையது என்பது வேறு, அதை அளப்பதால் ஒருவருக்கு நன்மை கிடைக்கும் என்பது வேறு. இன்று ஆய்வகங்கள் அச்சிட்டுத் தரும் வண்ண வண்ணப் பட்டியல்களைப் பார்க்கும்போதும் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

ரத்தப் பரிசோதனை மறுபடி மேடையேறியதற்கு ஒரு சிறுநீரக மருத்துவர் காரணம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எஸ். அனந்த் கருமாஞ்சி, பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் பணியாற்றியபோது, பிரீஎக்ளாம்சியா வந்த பெண்களின் நஞ்சுக்கொடியையும் நலமாக இருந்த பெண்களின் நஞ்சுக்கொடியையும் மரபணு அளவில் ஒப்பிட்டார். நோயுற்றவர்களின் நஞ்சுக்கொடியில் ஒரு புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியானது. எஸ்.எஃப்.எல்.டி.-1 என்று அதற்குப் பெயர். ரத்தக் குழாய்களை வளர்த்து, அவற்றின் உட்சுவரைப் பேணுவதற்கென்று உடலில் சில வளர்ச்சிக் காரணிகள் உண்டு. அவற்றில் ஒன்றை நஞ்சுக்கொடியே சுரக்கிறது. 1991-ல் அறியப்பட்ட அதன் பெயர் பி.எல்.ஜி.எஃப். குழாய்ச் சுவரில் போய்ச் சேர வேண்டிய இந்தக் காரணிகளை, தெருமுனையிலேயே நின்று தபால்காரரிடம் கடிதங்களை வாங்கிவைத்துக்கொள்ளும் ஆளைப் போல, எஸ்.எஃப்.எல்.டி.-1 ரத்தத்திலேயே பிடித்துக்கொள்கிறது. குழாய்ச் சுவர் பட்டினி கிடக்கிறது. பி.பி. ஏறுகிறது, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது.

2003-ல் ஷாரன் மேனார்டும் கருமாஞ்சியும் குழுவினரும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை எல்லோரையும் நிமிர வைத்தது. கர்ப்பமான எலிகளுக்கு இந்த ஒரே புரதத்தை மிகையாகக் கொடுத்தார்கள். பி.பி. ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது, சிறுநீரகத்தில் பிரீஎக்ளாம்சியாவுக்கே உரிய மாற்றம் தெரிந்தது. காரணம் தெரியாத நோய் என்று நூற்றாண்டுகளாக எழுதப்பட்டதற்கு முதல் முறையாகக் கையில் பிடிக்கக்கூடிய ஒரு மூலக்கூறு கிடைத்தது. மறு ஆண்டு, லெவினும் கருமாஞ்சியும் சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். நோய் வெளிப்படுவதற்குச் சுமார் ஐந்து வாரம் முன்பே எஸ்.எஃப்.எல்.டி.-1 ஏறத் தொடங்கியிருந்தது, பி.எல்.ஜி.எஃப். இறங்கியிருந்தது. ஐந்து வாரம் என்பது ஒரு குறைமாதக் குழந்தைக்கு எவ்வளவு பெரிய அவகாசம் என்பதைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் எந்தச் செவிலியரும் சொல்வார்.

இனி நம் ஊருக்கு வருவோம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. பஞ்சாலைகள், பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெசவு, பால்கோவாக் கடைகள், வயல்கள், தோப்புகள் என்று பெண்களின் உழைப்பில் ஓடும் ஊர்கள். செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்பும் உண்டு. இரு ஊர்களிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது, தனியார் மகப்பேறு மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஆனால் முப்பது வாரக் குழந்தையை வெளியே எடுத்துப் பல வாரம் வைத்துக் காப்பாற்ற வேண்டுமென்றால், பெரும்பாலும் எழுபது எண்பது கிலோமீட்டர் தாண்டி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையைத்தான் நினைப்பார்கள். 2022 ஜனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது இந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. இருந்தாலும் இரவு பத்து மணிக்கு 108 ஆம்புலன்சில் ஏற்றி அனுப்புவது ஒரு குடும்பத்துக்குச் சிறிய காரியமல்ல.

முப்பத்தொரு வாரக் கர்ப்பிணி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.பி. 140/90. தலைவலி இருக்கிறது, ஆனால் ராத்திரி ஷிஃப்ட் பார்த்த களைப்பாகவும் இருக்கலாம். காலில் வீக்கம், அது நிறையப் பேருக்கு வருவதுதான். சிறுநீரில் புரதம் இருப்பதாகவும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். மருத்துவர் முன்னால் இருப்பது ஒரே கேள்வி: இவரை இன்றிரவே அனுப்புவதா, இங்கே வைத்துப் பார்ப்பதா? அனுப்பிவிட்டு ஒன்றுமில்லை என்றால் குடும்பம் இரண்டு நாள் கூலியை இழக்கும், அடுத்த முறை போகச் சொன்னால் தயங்கும். அனுப்பாமல் விட்டு வலிப்பு வந்தால் இரண்டு உயிர்.

இந்த இடத்தில்தான் பி.எல்.ஜி.எஃப். பேசுகிறது. லூசி சாப்பெல் குழுவினர் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், முப்பத்தைந்து வாரத்துக்கு முன் பிரீஎக்ளாம்சியா என்று சந்தேகிக்கப்பட்டவர்களில், பதினான்கு நாளுக்குள் நோய் முற்றிப் பிரசவம் பார்த்தே ஆக வேண்டிய நிலைக்கு வந்தோரில் 96 சதவீதத்தினரை இந்த ஒரு சோதனை முன்பே காட்டிக்கொடுத்தது. மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் உடனடி அச்சமில்லை. 12-க்குக் கீழே என்றால் நஞ்சுக்கொடி கடுமையாகத் தளர்ந்திருக்கிறது. எஸ்.எஃப்.எல்.டி.-1-க்கும் பி.எல்.ஜி.எஃப்.புக்கும் உள்ள விகிதத்தையும் பார்க்கலாம். பல நாடுகளில் நடந்து 2016-ல் வெளிவந்த ஆய்வில் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரீஎக்ளாம்சியா வராது என்ற கணிப்பு 99.3 சதவீதம் சரியாக இருந்தது. ஆனால் 38-க்கு மேல் இருந்தவர்களில் நான்கு வாரத்துக்குள் நோய் வந்தது ஏறக்குறைய 37 சதவீதம் பேருக்குத்தான். ஆகவே இந்தச் சோதனையின் பலம் “இப்போது இல்லை” என்று உறுதி சொல்வதில் இருக்கிறது. “நிச்சயம் வரும்” என்று சொல்வதில் அது பலவீனமானது. மதுரைக்குப் பக்கத்திலேயே இருப்பவருக்கு இந்த உறுதியால் பெரிய லாபமில்லை. தூரத்தில் இருப்பவருக்குத்தான் லாபம். பெருநகரத்துக்கு முன் இந்த ஊர்களுக்கு என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். கருவிகளில் சில கால் மணி, இருபது நிமிடத்தில் முடிவு தரக்கூடியவை. ஆக, நேரமும் தடையல்ல.

பிரிட்டனின் பதினொரு மகப்பேறு மையங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பாரட் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. பி.எல்.ஜி.எஃப். முடிவைத் தெரிவித்தபோது நோயைக் கண்டறியும் காலம் 4.1 நாளிலிருந்து 1.9 நாளாகக் குறைந்தது; தாய்மாருக்கு நேர்ந்த கடும் சிக்கல்களும் குறைந்தன. குழந்தைகளின் நிலையில் மட்டும் வேறுபாடு தெரியவில்லை. பின்னர் அயர்லாந்தில் நடந்த அதே மாதிரியான ஆய்வில் தாய்மாருக்கும் தெளிவான நன்மை காணவில்லை. சோதனை ஒன்றுதான், அதைச் சுற்றியிருந்த மருத்துவ ஏற்பாடுகள் வேறு. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு இதைப் பரிந்துரைக்கிறது, அமெரிக்க எஃப்.டி.ஏ. 2023 மே மாதம் விகிதச் சோதனைக்கு அனுமதி தந்தது. அனுமதி என்பது நன்மைக்கு உத்தரவாதமல்ல என்பதற்கு அயர்லாந்தே சான்று.

குழந்தையின் கோணத்தில் இதைவிடச் சுவாரசியமான கேள்வி ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு அது இன்னும் நெருக்கமானது. “குழந்தை எடை கம்மியா இருக்கு” என்று ஸ்கேன் அறிக்கையில் வந்தவுடன் வீடே கலங்குகிறது. ஆனால் எடை குறைந்த குழந்தைகள் எல்லாம் ஒரே வகையல்ல. ஐந்தடிக்குக் குறைந்த, நாற்பத்திரண்டு கிலோ எடையுள்ள தாயின் குழந்தை சிறிதாக, ஆனால் முழு நலத்தோடு இருக்கலாம். இன்னொரு குழந்தை அதே எடையில் இருந்தும் நஞ்சுக்கொடி பழுதால் பட்டினி கிடந்துகொண்டிருக்கலாம். முதல் குழந்தையை அவசரப்பட்டு வெளியே எடுப்பது தவறு. இரண்டாவதைக் காத்திருந்து இழப்பதும் தவறு. எடை குறைந்த குழந்தைகளில் நஞ்சுக்கொடிப் பழுதுள்ளவர்களின் தாய்மாருக்கு பி.எல்.ஜி.எஃப். தாழ்ந்திருப்பதும், இயல்பிலேயே சிறிய குழந்தைகளின் தாய்மாருக்கு அது பெரும்பாலும் சரியாக இருப்பதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. உடல்வாகே சிறியதாக உள்ள பெண்கள் நிறைந்த தென் தமிழ்நாட்டில் இதை முறையாக ஆராய்ந்தால் கிடைக்கும் பயன் ஐரோப்பாவில் கிடைப்பதை விடப் பெரிதாக இருக்கும் என்று நம்புகிறேன். குழந்தை இந்த நிமிடம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எந்த ரத்தச் சோதனையும் சொல்லாது. அதற்கு டாப்ளரும் சி.டி.ஜி.யும்தான்.

முதல் மூன்று மாதச் சோதனைகளுக்கு வருகிறேன். இரு ஊர்களிலும் தனியாரிடம் போகும் கர்ப்பிணிகளுக்கு டபுள் மார்க்கர் என்ற சொல் பழகிவிட்டது. பதினொன்று முதல் பதினான்கு வாரத்துக்குள் என்.டி. ஸ்கேனோடு சேர்த்து எடுப்பது. அளக்கப்படும் இரண்டும் நஞ்சுக்கொடியின் பொருள்கள்: எச்.சி.ஜி.யின் ஒரு பகுதியும், 1974-ல் விவரிக்கப்பட்ட பாப்-ஏ என்ற புரதமும். டவுன் நோய்க்குறிக்கான வாய்ப்பைக் கணிக்கவே இதை எடுக்கிறார்கள். அறிக்கையில் “குறைந்த வாய்ப்பு” என்று பார்த்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். பாப்-ஏ மிகவும் தாழ்ந்திருந்தால், குரோமோசோம் சரியாக இருந்தாலும், பின்னால் குழந்தை வளர்ச்சி குன்றவும் வயிற்றிலேயே இறக்கவும் வாய்ப்புக் கூடுதல் என்பது இருபது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. ஆகவே அந்த எண்ணை மருத்துவர் தனியாகப் பார்க்க வேண்டும். பின் மாதங்களில் வளர்ச்சி ஸ்கேன் கூடுதலாக வைக்க வேண்டும். அதே சமயம், பாப்-ஏ தாழ்ந்த பெண்களில் பெரும்பாலோர் நல்ல குழந்தையைத்தான் பெறுகிறார்கள். எண்ணைப் படித்துவிட்டு இணையத்தில் தேடி உறக்கம் தொலைப்பவர்களுக்கு இதை யாராவது நிதானமாகச் சொல்ல வேண்டும்.

முதல் மூன்று மாதத்தில் பார்ப்பதன் உண்மையான பயன் ஆஸ்பிரின். லண்டனில் நிக்கோலைடிஸ் குழுவினர் வழிநடத்திய ஆஸ்ப்ரி ஆய்வு 2017-ல் வந்தது. தாயின் வரலாறு, பி.பி., கருப்பைத் தமனி டாப்ளர், பாப்-ஏ, பி.எல்.ஜி.எஃப். ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு, ஆபத்து அதிகம் என்று தெரிந்த பெண்களுக்கு பதினொன்று முதல் பதினான்கு வாரத்துக்குள் தொடங்கி முப்பத்தாறு வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.3 சதவீதம் பேருக்குக் குறைமாதப் பிரீஎக்ளாம்சியா வந்தது. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 1.6 சதவீதம். சுருள் தமனிகளின் வேலை முடியும் முன்பே மாத்திரை தொடங்க வேண்டும் என்பதால் பதினாறாவது வாரத்துக்குள் என்பதை மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

இதற்குத் தமிழ்நாட்டில் அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணம் பெற வேண்டுமானால் பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். கிராமத்து நர்சம்மா கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் போட்டுக் கொடுக்கும் அந்த நாளே, ஆஸ்பிரின் தேவைப்படும் பெண்ணைக் கண்டுகொள்ளச் சரியான நாள். ரத்தச் சோதனை இல்லாத இடத்திலும் வழியுண்டு. இந்திய மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபாக்சி முன்வைக்கும் கெஸ்டோசிஸ் மதிப்பெண், தாயின் வயது, எடை, ரத்தசோகை, முந்தைய பிரசவம், சர்க்கரை, குடும்ப வரலாறு போன்றவற்றை எண்ணி, மூன்றோ அதற்கு மேலோ வந்தால் எச்சரிக்கிறது. பி.எல்.ஜி.எஃப். அதற்கு மேல் வைக்க வேண்டிய அடுக்கு.

தாயின் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வைப் பற்றியும் ஒரு சொல். 1997-ல் டென்னிஸ் லோ கண்டறிந்த இந்த “குழந்தையின்” டி.என்.ஏ. உண்மையில் நஞ்சுக்கொடி உதிர்ப்பது. அதனால்தான் சில சமயம் நஞ்சுக்கொடியில் மட்டும் உள்ள குரோமோசோம் மாற்றம் குழந்தையின் குறையாகத் தவறாகக் காட்டப்படுகிறது. உறுதிசெய்யப் பனிக்குட நீர்ச் சோதனை வேண்டும். இந்த டி.என்.ஏ.வைப் பார்க்கும் ரத்தச் சோதனை பாலினத்தையும் காட்டிவிடும். அதை வெளியிடுவது 1994-ன் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி குற்றம். பெண் சிசுக்கொலையின் வடு இன்னும் ஆறாத தென் மாவட்டங்களில் இதில் எந்தத் தளர்வும் கூடாது.

இனி என்ன செய்யலாம்? சென்னையில் டாக்டர் வி. சேஷையா கர்ப்பகாலச் சர்க்கரைக்குச் செய்ததை நினைவுபடுத்துகிறேன். வெறும் வயிற்றில் வரச்சொல்லி மூன்று முறை ரத்தம் எடுக்கும் மேல்நாட்டு முறை நம் கிராமத்துப் பெண்களுக்கு ஒத்துவராது என்று கண்டு, சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தம் என்று எளிமையாக்கினார். 2007-ல் தமிழ்நாடு அதை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொண்டுவந்தது. பின்னர் அது தேசிய வழிகாட்டியிலும் இடம் பெற்றது. பி.எல்.ஜி.எஃப்.புக்கும் அப்படியொரு வேலை காத்திருக்கிறது. தாயின் எடை, இனம், கர்ப்ப வாரம் ஆகியவற்றுக்கு ஏற்ப இந்த அளவு மாறும். இப்போது பயன்படும் எல்லைக்கோடுகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்களிடம் வகுக்கப்பட்டவை. கடைசி மாதவிடாய்த் தேதி தவறாகச் சொல்லப்பட்டு, முதல் ஸ்கேனும் எடுக்காவிட்டால் வாரக் கணக்கே பிசகும். கணக்குப் பிசகினால் எண்ணும் பிசகும்.

விருதுநகர் மருத்துவக் கல்லூரி, ராஜபாளையம் மற்றும் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து இந்த ஆய்வை நடத்தலாம். எல்லோருக்கும் வேண்டாம். இருபது முதல் முப்பத்தாறு வாரத்துக்குள் பி.பி. சந்தேகத்தோடு வருபவர்கள், எடை குறைவென்று ஸ்கேனில் தெரிந்தவர்கள், இவ்விரு தரப்புக்கு மட்டும் போதும். இந்த எண் வந்தால் வீடு, இந்த எண் வந்தால் வார்டு, இந்த எண் வந்தால் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசியும் மதுரை வண்டியும் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டுப் பிறகு கருவியை வாங்க வேண்டும். 2018-20 கணக்கில் இந்தியாவின் பேறுகால மரண விகிதம் லட்சத்துக்கு 97 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 54. இந்த அளவுக்குக் குறைத்த பொதுச் சுகாதாரத் துறையால் இதையும் செய்ய முடியும்.

அதுவரை இந்த இரண்டு ஊர்க் குடும்பங்களுக்கும் சொல்ல வேண்டியது சுருக்கமானது. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள், முதல் ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள். முந்தைய பிரசவத்தில் பி.பி. இருந்திருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். ஆஸ்பிரினை மருத்துவர் சொல்லாமல் நீங்களாகப் போடாதீர்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த ரத்தப் பரிசோதனையின் முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டாம்.